அம்மாவின் மூட்டுக்குள் போய்வரும் சேதிகள்

சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 57 வயது, நான்கு ஆண்டுகளாக முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையோடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் அடாலிமுமாப் ஊசி போட்டுவந்தார்கள். ஓராண்டு நன்றாக இருந்தது. இப்போது விரல் கணுக்கள் மறுபடி வீங்குகின்றன. நிபுணர் ‘டிஎன்எஃப்பை விட்டுவிட்டு ஐஎல்-6ஐத் தடுத்துப் பார்ப்போம்’ என்று வேறு ஊசிக்கு மாறச் சொல்கிறார். ஒன்று தோற்ற இடத்தில் இன்னொன்று எப்படிப் பலிக்கும்? டிஎன்எஃப், ஐஎல்-6 போன்ற இந்தச் சைட்டோகைன்கள் உண்மையில் என்ன செய்கின்றன? சொந்தக்காரர்கள் எல்லாரும் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டச் சொல்கிறார்கள், மருத்துவர் மட்டும் ஏன் குறைக்கிறார்? இவைதான் அவருடைய கேள்விகள்.

நான் மருத்துவர் இல்லை. இங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு ஆண்டுகளாக ரத்தத்திலும் மூட்டு நீரிலும் சைட்டோகைன் அளக்கும் வேலை பார்க்கிறேன். இந்த நோயை அதற்கு முன்பே வீட்டில் பார்த்தவள். என்னை வளர்த்த பெரியம்மாவுக்கு இதே முடக்குவாதம். தோ பாயோ வீட்டில் அவர் முழங்கையால் குழாயைத் திறப்பதையும், சேலைக் கொசுவத்தை நான் பிடித்துக்கொடுக்கக் காத்திருப்பதையும் பார்த்துத்தான் வளர்ந்தேன். அந்தக் காலத்தில் அவருக்குக் கிடைத்தவை ஆஸ்பிரினும் தங்க உப்பு ஊசியும்தான். அதனால் இந்தக் கேள்விக்கு என்னால் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியவில்லை.

சைட்டோகைன் என்பது ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் சிறு புரதம். கடையில் முதலாளி எழுதி அனுப்பும் துண்டுச் சீட்டு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் இருப்பது ஒரே வரிதான். ஆனால் அதைச் சமையல்காரர் வாங்கினால் ஒரு வேலை நடக்கும், கணக்கர் வாங்கினால் வேறு வேலை நடக்கும். கையில் முள் குத்தினால் அங்கே இருக்கும் செல்கள் இப்படிச் சீட்டு அனுப்பித்தான் ரத்தக் குழாயை விரிக்கின்றன, வெள்ளை அணுக்களை வரவழைக்கின்றன. முள்ளை எடுத்தபின் சீட்டு நின்றுவிடும், வீக்கம் வடியும். முடக்குவாதத்தில் அது நிற்பதில்லை. முள் இல்லாத இடத்தில் முள் குத்தியதாகச் சேதி போய்க்கொண்டே இருக்கிறது, வந்த செல்களும் தங்கள் பங்குக்குச் சீட்டு எழுத ஆரம்பித்துவிடுகின்றன.

அம்மாவின் காலைப் பொழுதை வைத்தே இதைப் பார்க்கலாம். எழுந்ததும் விரலை மடக்க முடியாது, ஒரு மணி நேரம் போனால்தான் கை வசத்துக்கு வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். தேய்மானத்தால் வரும் மூட்டுவலியில் இந்த இறுக்கம் பெரும்பாலும் அரை மணிக்குள் தளர்ந்துவிடும். முடக்குவாதத்தில் அது நீளக் காரணமாக இருப்பவற்றில் ஒன்று இன்டர்லூக்கின்-6, சுருக்கமாக ஐஎல்-6. இந்த நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் ஐஎல்-6 இரவெல்லாம் ஏறி, விடியற்காலையில் உச்சிக்குப் போகிறது. உடலின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசோலும் காலையில்தான் கூடுகிறது. ஆனால் இவ்வளவு அழற்சியை அடக்க அது போதவில்லை. ‘காலையில்தான் முடியவில்லை, மத்தியானம் நன்றாகத்தானே நடக்கிறீர்கள்’ என்று என் பெரியம்மாவிடம் கேட்டவர்கள் உண்டு. அவர் சோம்பல்படவில்லை என்பதை நிரூபிக்க அன்று எங்களிடம் ஒன்றும் இல்லை.

அதே ஐஎல்-6 கல்லீரலுக்குப் போனால் கல்லீரல் சிஆர்பி என்ற புரதத்தை நிறையத் தயாரிக்கிறது. ஒவ்வொரு முறையும் ரத்தப் பரிசோதனையில் மருத்துவர் பார்க்கும் சிஆர்பி அதுதான். அது மூட்டில் பிறப்பதில்லை, மூட்டிலிருந்து வந்த சேதியைக் கல்லீரல் படித்ததற்கான அடையாளம். கல்லீரல் இன்னொன்றும் செய்கிறது: ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. ஹெப்சிடின் கூடினால் குடலிலிருந்து இரும்புச்சத்து ரத்தத்துக்குள் சரியாக ஏறாது, உடலில் ஏற்கனவே சேர்த்துவைத்த இரும்பும் பூட்டிய பெட்டிக்குள் இருப்பதுபோல் வெளியே வராது. அம்மாவுக்கு ஹீமோகுளோபின் குறைவாகவே இருக்கிறது, தேக்கா சந்தையிலிருந்து முருங்கைக்கீரை வாங்கி வாரம் மூன்று நாள் கொடுத்தும் ஏறவில்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். உங்கள் கீரையில் குறையில்லை. வேறு காரணம் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்துவிட்டால், அழற்சி அடங்கும்போது அந்தப் பூட்டு தானாகத் திறக்கும். மூளைக்கும் இந்தச் சேதி எட்டுகிறது. உடல் அசதி, சாப்பிடப் பிடிக்காமை, லேசான காய்ச்சல் உணர்வு, மனச்சோர்வு ஆகியவற்றில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. இது மூட்டில் தங்கிவிடும் நோய் இல்லை என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சரி, மூட்டுக்குள் போவோம். மூட்டை உள்பக்கமாகப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு சினோவியம் என்று பெயர். நலமாக இருக்கும்போது அதன் மேல்பரப்பு ஒன்றிரண்டு செல் கனம்தான். மூட்டுக்கு வழவழப்பான நீரைச் சுரந்துகொண்டு அது பாட்டுக்கு இருக்கும். முடக்குவாதத்தில் அது தடித்து, புதிய ரத்தக் குழாய்களோடு சதைபோல வளர்ந்து, குருத்தெலும்பின் மேல் ஊர்கிறது. உள்ளே மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல்கள் குவிந்து டிஎன்எஃப்பையும் ஐஎல்-1ஐயும் விடுகின்றன. சவ்வின் சொந்தச் செல்களான ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு ஐஎல்-6ஐ அள்ளிவிடுகின்றன, கூடவே குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளையும் சுரக்கின்றன. டி செல், பி செல் என்ற வெள்ளை அணு வகைகளும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பி செல் வழியாக உருவாகும் எதிர்பொருள்கள் (ஆன்டிபாடிகள்), அதாவது ருமட்டாய்டு ஃபேக்டரும் சிசிபி எதிர்பொருளும், வலி தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் தெரிவதுண்டு. புகைபிடிப்பது இந்த எதிர்பொருள் உருவாவதோடு நெருங்கிய தொடர்புள்ளது. அம்மா புகைபிடிக்காதவராக இருக்கலாம். வீட்டில் யாராவது பிடித்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

எலும்பு அரிபடுவதற்கு வேறொரு சீட்டு இருக்கிறது. அதன் பெயர் ராங்க்-எல். எலும்பில் பழையதைக் கரைக்கும் செல்லும் புதியதைக் கட்டும் செல்லும் எப்போதும் இணைந்தே வேலை செய்யும். சவ்வின் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளும் டி செல்களும் ராங்க்-எல்லை மிகுதியாக அனுப்பும்போது கரைக்கும் செல்கள் பெருகிவிடுகின்றன. டிஎன்எஃப் இதற்குத் தூபம் போடுவதோடு, கட்டும் செல்களின் கையையும் கட்டிவிடுகிறது. எக்ஸ்-ரேயில் விரல் கணுவின் ஓரம் எலி கொறித்ததுபோல் தெரிவது இப்படித்தான். அப்படிப் போன எலும்பு பெரும்பாலும் திரும்புவதில்லை. வீக்கம் பொறுத்துக்கொள்ளும் அளவில்தானே இருக்கிறது, ஆறு மாதம் பார்ப்போம் என்று தள்ளிப்போட வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான். மருந்தை மாற்றச் சொல்லும் மருத்துவர் இன்றைய வலிக்காக மட்டும் சொல்லவில்லை.

இப்போது டிஎன்எஃப் கதை. கொஞ்சம் பின்னால் போக வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியின் பாதி விடை அங்கேதான் இருக்கிறது. 1975ல் நியூயார்க்கில் லாயிட் ஓல்டும் எலிசபெத் கார்ஸ்வெல்லும் அவர்களுடைய குழுவினரும் எலிகளில் புற்றுக்கட்டியை அழுகச் செய்யும் ஒரு பொருளைப் பற்றி எழுதினார்கள். அதனால்தான் அதற்குக் கட்டி அழிப்புக் காரணி என்ற பொருளில் டிஎன்எஃப் என்று பெயர் வந்தது. மூட்டுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று அன்று யாரும் பேசவில்லை. 1980களின் பிற்பகுதியில் லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி இருவரின் குழு, அறுவை சிகிச்சையில் எடுத்த மூட்டுச் சவ்வைக் கண்ணாடிக் கிண்ணத்தில் உயிரோடு வைத்துப் பார்த்தது. அதில் பலவகைச் சைட்டோகைன்கள் நோயாளி உடலில் இருந்ததுபோலவே தொடர்ந்து சுரந்துகொண்டிருந்தன. டிஎன்எஃப்பை மட்டும் எதிர்பொருளால் தடுத்தபோது ஐஎல்-1ம் சேர்ந்து இறங்கிவிட்டது. 1989ல் இது வெளியானது. இத்தனை சைட்டோகைன்கள் இருக்கும்போது ஒன்றை மட்டும் தடுத்து என்ன பயன் என்ற கேள்வி அப்போது பலமாக இருந்தது. இந்தச் சோதனை அதற்கு ஒரு பதிலைக் காட்டியது: சீட்டுகளுக்குள் ஓர் அடுக்கு இருக்கிறது, மேலே இருப்பதைப் பிடித்தால் கீழே இருப்பவையும் அடங்கும்.

1991ல் ஏதென்ஸில் ஜார்ஜ் கோலியாஸின் குழு மனித டிஎன்எஃப்பை அளவுக்கு மீறிச் சுரக்கும் எலிகளை உருவாக்கியது. அந்த எலிகளுக்கு மூட்டு அழற்சி வந்தது. டிஎன்எஃப்பைத் தடுத்ததும் வராமல் நின்றது. 1992ல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் 20 நோயாளிகளுக்கு, பிறகு இன்ஃப்ளிக்சிமாப் என்று பெயர் பெற்ற மருந்து முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. பல மருந்துகளுக்கும் மசியாதவர்கள் அவர்கள். சில நாட்களிலேயே இறுக்கமும் அசதியும் குறைந்தன. மருந்து நின்றதும் நோய் திரும்பியது என்பதையும் அந்த ஆய்வுகள் நேர்மையாகவே காட்டின. 1998ல் எட்டனர்செப்ட் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றது, 2002ன் கடைசி நாளில் அடாலிமுமாப். ஃபெல்ட்மனுக்கும் மைனிக்கும் 2003ல் லாஸ்கர் விருது கிடைத்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரியம்மாவின் கை நினைவுக்கு வரும். அவருடைய விரல்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து முடிந்தபிறகுதான் இந்த மருந்துகள் வந்தன.

ஐஎல்-6 பக்கத்தில் உழைத்தவர்கள் ஜப்பானியர்கள். ஒசாகாவில் தடாமிட்சு கிஷிமோட்டோவின் குழு 1986ல் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தது. அந்தச் சேதியை வாங்கும் ஏற்பியை அடைக்கும் டொசிலிசுமாப் ஜப்பானில் 2008ல் முடக்குவாதத்துக்கு வந்தது. டிஎன்எஃப்பிலிருந்து மாறுகிறவர்களுக்கு மருத்துவர்கள் அடிக்கடி யோசிப்பது இதை அல்லது இதன் இனத்தைச் சேர்ந்ததை.

ஓராண்டு பலித்த அடாலிமுமாப் இப்போது ஏன் தோற்கிறது? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மருந்தே ஒரு புரதம் என்பதால் உடல் அதற்கு எதிராகவே எதிர்பொருள் செய்துவிடும். ஊசி உள்ளே போகும், ஆனால் வேலை செய்யுமுன் பிடிபட்டுவிடும். மெத்தோட்ரெக்ஸேட்டைக் கூடவே கொடுப்பதற்கான காரணங்களில் ஒன்று இப்படி எதிர்பொருள் உருவாவதைக் குறைப்பது. வயிறு குமட்டுகிறது என்று அம்மா சில வாரம் அதைச் சாப்பிடாமல் விட்டதாக எழுதியிருந்தீர்கள். இதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டமாட்டார்கள், அவருடைய முடிவுக்கு அது தேவையான தகவல். இன்னொன்று, மருந்து சரியாகவே வேலை செய்து டிஎன்எஃப்பை அடைத்திருக்கும், ஆனால் அந்த மூட்டை இப்போது ஓட்டுவது வேறு சேதி. முதல் டிஎன்எஃப் ஊசியால் போதிய பலன் கிடைக்காதவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். அம்மா தனியாக இல்லை.

இன்னொரு டிஎன்எஃப் ஊசிக்கு மாறுவதா, வேறு வழியைப் பிடிப்பதா என்று பிரான்ஸில் 300 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2016ல் வெளிவந்தது. எல்லாரும் ஒரு டிஎன்எஃப் மருந்தில் தோற்றவர்கள். 24 வாரத்தில், வேறு வழியில் வேலை செய்யும் ஊசிக்கு மாறியவர்களில் 69 விழுக்காட்டினர் முன்னேற்றம் கண்டார்கள். இரண்டாவது டிஎன்எஃப் மருந்துக்குப் போனவர்களில் 52 விழுக்காட்டினர். இரண்டாவது எண்ணும் மோசமில்லை, ஆனாலும் உங்கள் மருத்துவர் சொல்லும் திசை இதோடு ஒத்துப்போகிறது. மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடவே முடியாதவர்களுக்கு டொசிலிசுமாப் தனியாக, அடாலிமுமாப் தனியாக என்று ஒப்பிட்ட 2013 ஆய்விலும் டொசிலிசுமாப்தான் மேலாக இருந்தது. அம்மாவின் குமட்டல் அடங்கவில்லையென்றால் இதுவும் கணக்கில் வரும்.

அப்படியானால் எந்தச் சேதி கூடுதல் என்று ரத்தத்தில் அளந்து பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்கலாமே என்று கேட்பீர்கள். என் வேலையே அதுதான் என்பதால் சொல்கிறேன்: அதற்காகத் தனியாகப் பணம் செலவழிக்காதீர்கள். டிஎன்எஃப் ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். மூட்டுக்குள் பேசுவது ரத்தத்தில் அதே அளவில் கேட்காது. குழாயில் எடுத்த ரத்தம் பிரிக்கப்படாமல் மேசையில் கிடந்தால் அதிலுள்ள செல்களே புதிதாகச் சுரந்து எண்ணை ஏற்றிவிடும். இந்த நோய்க்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. நாங்கள் அளக்கப் பயன்படுத்தும் எதிர்பொருள்களை நோயாளியின் ருமட்டாய்டு ஃபேக்டர் போய்ப் பிடித்து ஒட்டவைத்துவிடும், இல்லாத சைட்டோகைன் இருப்பதுபோல் தெரியும். அதைத் தடுக்கும் வேதிப்பொருள் சேர்க்காமல் அளந்த பழைய முடிவுகளை நாங்களே தூக்கிப்போட்டிருக்கிறோம். மூட்டுச் சவ்வில் ஊசியால் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்கும் ஆய்வுகள் ஐரோப்பாவில் நம்பிக்கை தருகின்றன. சவ்வில் பி செல் குறைவாக உள்ளவர்களுக்கு, பி செல்லை ஒழிக்கும் ரிடுக்சிமாப்பைவிட டொசிலிசுமாப் நன்றாக வேலை செய்ததை 2021ல் வந்த ஓர் ஆய்வில் சவ்வின் மரபணுச் செயல்பாட்டைப் படித்துக் காட்டினார்கள். அன்றாடச் சிகிச்சைக்கு அது இன்னும் வரவில்லை. அதுவரை, ஒரு மருந்து தோற்பதும் ஒரு தகவல்தான். நிபுணர் அந்தத் தகவலை வைத்துத்தான் அடுத்த சேதிக்குப் போகிறார்.

மூட்டுவலி என்று ஒரே சொல்லால் நாம் அழைப்பவற்றுக்குள் எத்தனை வேறுபாடு என்பதற்குப் பக்கத்து நோய்களைப் பாருங்கள். நள்ளிரவில் கால் கட்டைவிரல் நெருப்பாய்ச் சிவக்கும் கௌட் நோயில் முதன்மைச் சேதி ஐஎல்-1. யூரேட் படிகத்தை விழுங்கிய செல்லுக்குள் இன்ஃப்ளமசோம் என்ற அமைப்பு கிளர்ந்து ஐஎல்-1ஐ வெட்டித் தயார்செய்து வெளியே விடுகிறது. சுவிட்சர்லாந்தில் யூர்க் சோப்பின் குழு 2006ல் இதைக் காட்டியது. ஐஎல்-1ஐத் தடுக்கும் மருந்து கௌட்டை அடக்கும். ஆனால் முடக்குவாதத்தில் அதே மருந்து சுமாராகத்தான் பலித்தது. முதுகெலும்பைப் பிடிக்கும் ஸ்பான்டிலைட்டிஸில் ஐஎல்-17 பெரிய ஆள். ராணுவத்தில் தேசிய சேவை செய்யும் வயதுப் பையன்களுக்கு விடியற்காலையில் முதுகு இறுகி, நடந்தால் தளர்ந்தால், சுமை தூக்கிய வலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. அங்கே ஐஎல்-17ஐத் தடுத்தால் பலிக்கும், ஐஎல்-6ஐத் தடுத்தால் பலிக்கவில்லை. உங்கள் அம்மாவுக்கு நேர் எதிர்: முடக்குவாதத்தில் ஐஎல்-17 மருந்துகள் சோபிக்கவில்லை. சோரியாசிஸோடு வரும் மூட்டு நோய்க்கு ஐஎல்-23ஐத் தடுப்பது உதவுகிறது. அதே மருந்து ஸ்பான்டிலைட்டிஸ் முதுகுக்கு உதவவில்லை. புத்தகத்தில் ஐஎல்-23ம் ஐஎல்-17ம் ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகள். உடலில் அது அவ்வளவு நேராக இல்லை என்பது எங்கள் துறையையே வியக்கவைத்த விஷயம்.

சிங்கப்பூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2008 ஜனவரியில் லிட்டில் இந்தியாவில் சிக்குன்குனியா உள்ளூரிலேயே முதன்முறையாகப் பரவியது. அந்த ஆண்டு நோயுற்றவர்களின் ரத்தத்தை இங்குள்ள லிசா இங் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். நோய் கடுமையாக இருந்தவர்களிடம் ஐஎல்-1, ஐஎல்-6 இரண்டும் கூடியிருந்தன. காய்ச்சல் போயும் மூட்டுவலி போகாதவர்களிடம் ஐஎல்-6ம் ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற இன்னொன்றும் உயர்ந்திருந்ததை 2011ல் வெளியிட்டார்கள். கொசுவால் வந்த மூட்டுவலிக்கும் அம்மாவின் முடக்குவாதத்துக்கும் தொடக்கம் வேறு, ஆனால் நடுவில் ஓடும் சீட்டில் ஒன்று பொது.

மாத்திரையாகவே கிடைக்கும் ஜேக் தடுப்பான்களைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஐஎல்-6 போன்ற பல சைட்டோகைன்கள் செல்லின் கதவைத் தட்டியதும் உள்பக்கத்தில் ஜேக் என்ற நொதிதான் சேதியை எடுத்துக்கொண்டு போகிறது. ரோமானியரின் இருமுகக் கடவுள் ஜேனஸின் பெயர் அதற்கு. அதை அடைத்தால் பல சேதிகள் ஒரே நேரத்தில் மங்கும், ஊசியும் தேவையில்லை. ஆனால் 50 வயதைத் தாண்டி, இதய நோய்க்கு வாய்ப்புள்ள ஒரு கூறாவது உள்ளவர்களிடம் டொஃபாசிட்டினிப் என்ற ஜேக் மாத்திரையை டிஎன்எஃப் ஊசியோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2022ல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் மொத்த எண்ணிக்கையும் புற்றுநோயும் மாத்திரைக் குழுவில் கூடுதலாக இருந்தன. அம்மாவுக்கு 57, ரத்த அழுத்தமும் இருக்கிறது. மருத்துவர் முதலில் மாத்திரையைச் சொல்லாததற்கு அது காரணமாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி சொந்தக்காரர்களின் அறிவுரை. அன்பினால்தான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அம்மாவுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்துபோய் இந்த நோய் வரவில்லை. ஒரு பகுதி தவறான இடத்தில் விடாமல் வேலை செய்வதால் வந்தது. அதைக் ‘கூட்டும்’ பொருள் உண்மையிலேயே கூட்டினால் ஆபத்து, கூட்டாவிட்டால் காசு வீண். சாம்பாரில் போடும் மஞ்சளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, தாராளமாகப் போடுங்கள். சீந்தில் பொடியை மட்டும் நிறுத்திவிடுங்கள். அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021ல் எழுதினார்கள். அம்மா ஏற்கனவே கல்லீரலைக் கண்காணிக்க வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட்டில் இருக்கிறார். அப்புறம், மூன்றே நாளில் வலி பறக்கும் என்று கைக்குக் கை மாறும் பெயர் தெரியாத மூட்டுவலி மாத்திரைகள். அவற்றில் சொல்லாமல் கலந்த டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை இங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு ஒரே அடியில் ஏராளமான சைட்டோகைன்களை வாயடைக்கும். 1948ல் அமெரிக்காவில் ஃபிலிப் ஹென்ச் முதன்முதலாகக் கார்ட்டிசோன் கொடுத்தபோது படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள், 1950ல் நோபல் பரிசும் கிடைத்தது. எலும்பு மெலிவதும் சர்க்கரை ஏறுவதும் முகம் ஊதுவதும் பின்னால்தான் தெரிந்தன. அளவு தெரியாமல் மாதக்கணக்கில் சாப்பிட்டு, திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அம்மா அப்படி எதையாவது சாப்பிட்டிருந்தால் தாமாக நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

குறைப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதும் உண்மை. டிஎன்எஃப்பின் நல்ல வேலைகளில் ஒன்று, நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றிச் செல்களால் கோட்டை கட்டி வைத்திருப்பது. இன்ஃப்ளிக்சிமாப் வந்த சில ஆண்டுகளில், 2001ல், 70 பேருக்குக் காசநோய் கிளம்பிய செய்தி வந்தபிறகுதான் ஊசிக்கு முன் பரிசோதனை கட்டாயமானது. இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கு பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போடுவதால் பழைய தோல் சோதனை குழப்பும். ரத்தத்தில் செய்யும் இன்டர்ஃபெரான் சோதனையை பிசிஜி குழப்பாது. ஹெப்படைட்டிஸ் பி சோதனையும் அதே காரணத்துக்காக. அம்மாவுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் செய்திருந்தாலும், மருந்து மாறும் நேரத்தில் மறுபடி தேவையா என்று கேளுங்கள். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள் இனி ஆகாது. சளிக்காய்ச்சல் ஊசி போன்றவற்றை மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

செலவைப் பற்றி ஒரு வரி: நாட்பட்ட நோய்ப் பராமரிப்புத் திட்டத்தில் முடக்குவாதம் இருப்பதால் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு பயன்படும், அசல் ஊசியை ஒத்த பயோசிமிலர் மருந்துகள் வந்தபின் சில ஊசிகளின் விலையும் இறங்கியிருக்கிறது. எத்தனை வெள்ளி ஆகும் என்று பயந்து சந்திப்பைத் தள்ளாமல், முதலில் மருத்துவமனையின் சமூக ஊழியரைப் பாருங்கள்.

கடைசியாக, ஐஎல்-6 ஊசிக்கு மாறினால் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. சிஆர்பி கல்லீரலில் பிறப்பதே ஐஎல்-6ன் சேதியால்தான் என்றேன் அல்லவா? அந்தச் சேதியை அடைத்துவிட்டால், உள்ளே கடுமையான தொற்று இருந்தாலும் சிஆர்பி ஏறாமல் இருக்கும், காய்ச்சலும் பெரிதாகத் தெரியாமல் போகலாம். அம்மாவுக்கு இருமலோ சிறுநீர் எரிச்சலோ தோலில் சீழோ வந்தால், ‘ரத்தம் நார்மல்’ என்ற ஒரு முடிவை மட்டும் வைத்து நிம்மதியாக வீடு திரும்ப வேண்டாம். கடுமையான வயிற்றுவலி வந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அரிதாக இந்த மருந்தில் குடலில் துளை விழுவதுண்டு. எங்கே போனாலும், பாலிகிளினிக்காக இருந்தாலும், புளோக்குக்குக் கீழே உள்ள கிளினிக்காக இருந்தாலும், ‘ஐஎல்-6ஐத் தடுக்கும் ஊசியில் இருக்கிறார், கடைசி ஊசி இந்தத் தேதி’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஊசியின் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி அம்மாவின் கைப்பையில் வைத்துவிடுங்கள்.